ஹாலில் எழும்பி நின்ற குவார்ட்ஸ் தரை: திருச்சி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். திருச்சியில் எங்கள் வீட்டு ஹாலில் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். மின்விசிறிதான் விழுந்துவிட்டது என்று நினைத்து அப்பா உள்ளறையிலிருந்து ஓடிவந்தார். மின்விசிறி அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாலின் நடுவில், மேற்கு ஜன்னலுக்கு நேராக, நான்கு டைல்ஸ் இரண்டிரண்டாகச் சாய்ந்து, ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. தரை போட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். வேலை முழுக்கச் சாலைப் பணிகளில். சிமெண்டும் ஜல்லியும் எனக்குப் புதிதில்லை. ஆனால் வீட்டுத் தரை விஷயத்தில் கடைக்காரர் சொன்னதையும் கொத்தனார் செய்ததையும் அப்படியே ஏற்றுக்கொண்டேன். அதன் பிறகு கல்லைப் பெயர்த்து, காரணம் தேடி, மூன்று மாதம் காத்திருந்து, திரும்பவும் போட்டோம். அந்த இரண்டாவது தரை இரண்டு கோடையைத் தாண்டிவிட்டது. குவார்ட்ஸ் போடலாமா என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் போனில் முழுக் கதையையும் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீடும் அம்மாவின் தேவையும்

வீடு 1986-இல் கட்டியது. தரைத்தளம் மட்டும். எல்லா அறையிலும் மொசைக். கட்டிய காலத்தில் பாலிஷ் மெஷின் நாள் முழுக்க ஓடியதும், வெள்ளைச் சேறு வாசல்வரை வழிந்ததும் அப்பாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. நல்ல தரைதான். முப்பத்தைந்து வருடத்தில் சமையலறைச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் இறங்கி, ஹாலில் குறுக்கே விரிசல் விட்டு, பட்டைகளில் அழுக்கு ஏறிவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரை வழுக்கக்கூடாது, வெளிர் நிறமாக இருக்க வேண்டும், மஞ்சளும் எண்ணெயும் கொட்டினால் ஊறக்கூடாது. அவர் கேட்டது இந்த மூன்றும்தான். அக்கா வீட்டில் வெள்ளை நானோ பாலிஷ் டைல்ஸ் போட்டு, சில வருடத்தில் மேல்பூச்சு தேய்ந்து, நுண்துளைகளில் அழுக்கு இறங்கி, எவ்வளவு துடைத்தாலும் மங்கலாகவே தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மா குவார்ட்ஸ் பக்கம் திரும்பினார். யாரோ உறவினர் வீட்டுச் சமையல் மேடையில் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறார். "சாம்பார் காய்ஞ்சு கிடந்துச்சுடா, ஒரு துணியிலேயே போயிடுச்சு" என்றார்.

கடையில் குவார்ட்ஸ் என்று சொன்னவை

முதல் குழப்பம் கடையிலேயே தொடங்கியது. "குவார்ட்ஸ் காட்டுங்க" என்று கேட்டால் ஒரே பெயரில் மூன்று பொருள்களைக் காட்டினார்கள். ஒன்று, குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் சாதாரண வைட்ரிஃபைட் டைல்ஸ்தான். மேலே அச்சிட்ட புள்ளி வடிவத்துக்குக் 'குவார்ட்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொன்று குவார்ட்சைட். அது மண்ணிலிருந்து வெட்டியெடுத்த இயற்கைக் கல். மூன்றாவதுதான் நாங்கள் தேடியது: குவார்ட்ஸ் துகளை ரெசின் என்ற செயற்கைப் பிசினில் பிணைத்து ஆலையில் செய்த கல்.

பார்த்தே பிரிக்கலாம். கல்லைத் திருப்பிப் பாருங்கள். வைட்ரிஃபைட் என்றால் பின்பக்கம் வரிவரியாகவோ கட்டங்கட்டமாகவோ பள்ளம் இருக்கும், பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரும் பதிந்திருக்கும். செய்கல் குவார்ட்ஸுக்குப் பின்பக்கமும் வழுவழுவென்று ஒரே மட்டமாக இருக்கும். விளிம்பைப் பார்த்தால் மேலே தெரிகிற அதே புள்ளிகள் அடிவரை ஓடும். எடையும் சொல்லிவிடும். நாங்கள் எடுத்தது 600 மி.மீ. சதுரம், 15 மி.மீ. கனம், ஒரு கல் சுமார் 13 கிலோ. அதே அளவில் 9 மி.மீ. வைட்ரிஃபைட் என்றால் எட்டு கிலோவைத் தொடாது. சாவியால் கீறிக் காட்டிய கடைக்காரர் ஒருவர், சாம்பல் நிறக் கோடு விழுந்ததும் கல்லுக்குக் கீறல் விழுந்துவிட்டதாகப் பதறினார். அது கல்லில் விழுந்த கீறல் இல்லை. கல்லைவிட மென்மையான இரும்புதான் தேய்ந்து ஒட்டியிருந்தது. ரப்பரால் அழித்தால் போய்விட்டது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, மார்பிள் 3.

இந்தக் கல் எப்படி உருவாகிறது என்பதை அன்றைக்கே யோசித்திருந்தால் பாதிச் சிக்கல் வந்திருக்காது. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் மணலும் துகளும். மிச்சம் பாலியஸ்டர் ரெசினும் நிறமியும். இந்தக் கலவையை அச்சில் கொட்டி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதிர வைத்தபடியே அழுத்தி, பிறகு சூடேற்றி இறுக வைக்கிறார்கள். இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம். மார்செல்லோ தொன்செல்லி 1963-இல் தொடங்கியது.

யோசித்துப் பார்த்தால் எங்கள் பழைய மொசைக்குக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. அதிலும் கல்துகள், இதிலும் கல்துகள். அதைப் பிணைத்தது சிமெண்ட், இதைப் பிணைப்பது ரெசின். வித்தியாசம் அந்த ஒன்றுதான், ஆனால் கல்லின் குணமே அதில்தான் மாறுகிறது. ரெசின் சூட்டில் நீள்கிறது, வெயிலில் மஞ்சளாகிறது, நெருப்பில் கருகுகிறது. ஈரம் ஒரு பக்கம் மட்டும் பட்டால் வளைகிறது. கல் என்று நினைத்து வாங்குகிறோம். பாதி வேளை அது பிளாஸ்டிக் மாதிரி நடந்துகொள்கிறது. இதை எந்தக் கடையிலும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கே போடக்கூடாது என்பதில் மட்டும் முதலிலேயே சரியாக முடிவெடுத்திருந்தோம். வெயில் நேரடியாக விழும் வாசல் திண்ணைக்கு கிரானைட். சமையலறையில் அம்மா சோற்றுப் பானையை இறக்கித் தரையில்தான் வைப்பார், அதனால் அங்கே வைட்ரிஃபைட். பூஜை அறையில் கற்பூரத் தட்டும் சாம்பிராணிக் கரண்டியும் தரையைத் தொடும், அங்கேயும் வைட்ரிஃபைட். குளியலறைக்குச் சொரசொரப்பான மேட். குவார்ட்ஸ் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் மட்டும். அதிலும் கண்ணாடி மாதிரி பளபளப்பதை விட்டுவிட்டு மேட் ரகம் எடுத்தோம். அம்மாவின் கால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட வழுக்கவில்லை.

கணக்கில் ஒரு சின்ன விஷயம், ஆனால் காசு விஷயம். கடையில் இதை 'ரெண்டுக்கு ரெண்டு' என்பார்கள். 600 மி.மீ. என்பது 23.6 அங்குலம்தான். ஒரு கல் 4 சதுர அடி இல்லை, 3.875 சதுர அடி. எங்கள் நான்கு அறையும் சேர்ந்து 654 சதுர அடி. நான்கால் வகுத்தால் 164 கல் போதும் என்று வரும், சரியாகக் கணக்கிட்டால் 169. வெட்டுச் சேதத்துக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 184 வாங்கினோம். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று நானே நின்று பார்த்தேன். அது பின்னால் காப்பாற்றியது.

முதல் முறை நடந்தது

2022 டிசம்பர். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மண்ணில் ஈரம் இருந்தது. கொத்தனார் இருபது வருட அனுபவம் உள்ளவர், கை சுத்தம், வரும் நேரம் சரியாக வருவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வைட்ரிஃபைட்டுக்கும் கிரானைட்டுக்கும் அவர் எப்போதும் செய்வதையே இதற்கும் செய்தார்.

மொசைக்கை உடைத்து எடுத்தார். இரண்டு அங்குலத்துக்கு 1:5 கலவையை (ஒரு பங்கு சிமெண்ட், ஐந்து பங்கு மணல்) கொட்டி, மட்டப்பலகையால் இழுத்தார். ஈரக் கலவை மேல் சிமெண்ட் பால் ஊற்றி, கல்லை வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைத்தார். கல்லுக்குக் கல் இடைவெளி கிடையாது. "இடைவெளி விட்டா அழுக்கு சேரும் தம்பி, ஒட்டிப் போட்டாத்தான் ஒரே கல்லு மாதிரி இருக்கும்" என்றார். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. சுவரோரம் வரை இறுக்கமாக முடித்து, சுவரின் அடியோரப் பட்டையான ஸ்கர்ட்டிங்கை அதன் மேலேயே கலவை வைத்து ஒட்டினார். அப்புறம் கியூரிங் என்று மூன்று நாள் தரையில் ஈரச் சாக்கு.

இரண்டே வாரத்தில் வெறுங்காலில் நடந்த அம்மா சொன்னார், "மூலையெல்லாம் குத்துது." குனிந்து ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நான்கு கல் சந்திக்கும் இடங்களில் மூலைகள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு எழும்பியிருந்தன, கல்லின் நடுப்பகுதி அப்படியே இருந்தது. கொத்தனாரிடம் சொன்னேன். பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்றார். மொசைக்குக்கும் மார்பிளுக்கும் அது உண்மை. இரண்டையும் போட்ட பிறகு இடத்திலேயே தேய்த்து மட்டமாக்கலாம். குவார்ட்ஸ் ஆலையிலேயே மேற்பரப்பு முடிந்து வருகிற கல். வீட்டில் வைத்துத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் வேறு முகமாகத் தெரியும். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பிறகு கோடை. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை.

பெயர்த்துப் பார்த்ததில் தெரிந்தது

எழும்பி நின்ற நான்கு கல்லையும் கையாலேயே தூக்க முடிந்தது. அடியில் சிமெண்ட் பால் காய்ந்து அழகாக ஒரு படலமாக நின்றது. கல்லின் பின்பக்கம் கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தம். நன்றாகப் பழகிய தோசைக்கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல எழும்பி வந்திருக்கிறது. பக்கத்துக் கற்களை நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். ஹாலில் பாதிக்கு மேல் டொப் டொப் என்று வெற்றுச் சத்தம்.

ஒட்டாததற்குக் காரணம் எளிது. சிமெண்ட் பால் நுண்துளைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிற பொருள். இந்தக் கல் உறிஞ்சும் நீர் எடையில் 0.05 சதவீதம் என்ற அளவில்தான் இருக்கும். பிடிக்க அதற்குத் துளை ஏது? அம்மாவுக்கு எதற்காக இந்தக் கல் பிடித்ததோ, அதாவது எதுவும் ஊறாது என்பதற்காக, அதே குணம்தான் சிமெண்டையும் தள்ளிவிட்டது.

மூலைகள் எழும்பியது வேறு காரணம். நீர் உள்ளே ஊறாத கல்தான், ஆனாலும் அடிப்பக்கம் வாரக்கணக்கில் ஈரக் கலவையில் கிடந்து, மேல்பக்கம் காய்ந்த காற்றில் இருந்தால், ரெசின் உள்ள இந்தக் கல்லின் அடிப்பக்கம் மிக நுண்ணிய அளவு நீள்கிறது. அடிப்பக்கம் நீண்டால் கல் கிண்ணம் மாதிரி வளைந்து, ஓரங்கள் மேலே வரும். ஈரத் தரையில் போட்ட பலகை வளைவதும் இப்படித்தான். நாங்கள் கீழே ஈரக் கலவை, மேலே ஈரச் சாக்கு, அதை எடுத்த பிறகு மேலே மட்டும் காற்று என்று அந்தக் கல்லுக்கு எது ஆகாதோ அதையெல்லாம் வரிசையாகச் செய்திருந்தோம்.

வெடித்தது மூன்றாவது காரணத்தால். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹாலின் நீளம் 20 அடி, அதாவது 6.1 மீட்டர். செய்கல் குவார்ட்ஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.025 மி.மீ. நீள்கிறது, ரெசின் அளவைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும். வைட்ரிஃபைட்டுக்கு அது சுமார் 0.007 மி.மீ. டிசம்பரில் போட்டபோது தரை 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் திருச்சியில் வெளியே 40-ஐத் தாண்டும்போது மேற்கு ஜன்னல் வெயில் விழும் தரை 46 டிகிரிக்குப் போவது சாதாரணம். 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஹாலின் நீளம் முழுக்க 3 மி.மீ. நீட்சி. வைட்ரிஃபைட்டாக இருந்தால் ஒரு மி.மீ.கூட வராது. அந்த 3 மி.மீ. போவதற்கு இடம் வேண்டும். கல்லுக்குக் கல் இடைவெளி இல்லை, சுவரோரமும் இறுக்கம். கீழே பிடிமானமும் இல்லை. மேலே எழுவதைத் தவிர அதற்கு வழியே இல்லை.

கடையில் போய் நின்றேன். "கல்லில் குறை இல்லை, போட்டதில்தான் குறை" என்றார்கள். அந்த அளவில் அது உண்மைதான். ஆனால் எப்படிப் போட வேண்டும் என்ற தாள் ஆலையிலிருந்து வந்திருக்கிறது, அது அவர்கள் மேசை இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது, கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். விற்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய தாள். கொத்தனார் கையில் அது போயிருந்தால் அவர் பெயரும் கெட்டிருக்காது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தத் தாளில் நான் முதலில் தேடியது ஓர் எழுத்து. ஈரத்தில் எவ்வளவு வளைகிறது என்பதைச் சோதித்து, ஐரோப்பியத் தரமுறையின்படி செய்கல்லை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் அசையாது, வழக்கமான நல்ல டைல்ஸ் பசையே போதும். பி என்றால் நீரைச் சீக்கிரம் தன்னுள் கட்டிக்கொண்டு விரைவில் இறுகும் பசை வேண்டும். சி என்றால் நீர் கலந்த பசையே கூடாது, எபாக்சி அல்லது பாலியூரிதேன்தான். எங்கள் கல் பி. இந்தியாவில் டைல்ஸ் பசைகளுக்கு ஐ.எஸ். 15477 என்ற தரமுறை இருக்கிறது, பசைகளை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. மூட்டையில் அந்த எண் அச்சிட்டிருக்கிறதா, எந்த வகை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வெறும் 'டைல்ஸ் கம்' என்று கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள்.

ஆவணி வரை

ஹாலையும் சாப்பாட்டு அறையையும் முழுக்கப் பெயர்த்தோம். படுக்கையறைகளுக்கு இன்னும் போட்டிருக்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. ஒட்டாமல் இருந்ததால் போட்ட 112 கல்லில் 78 உடையாமல் வந்தன. அவற்றை நிழலில், மரக்கட்டை மேல் நிற்க வைத்து, இடையில் காற்றுப் போகும்படி அடுக்கினோம். சில வாரத்தில் வளைந்தவற்றில் பெரும்பாலானவை பழைய மட்டத்துக்குத் திரும்பியதைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, மே கடைசியில் புதிய தளம் போட்டோம். இரண்டு அங்குலத் தளம் காய, ஒரு மி.மீ.க்கு ஒரு நாள் என்று தோராயமாகச் சொல்லும் கணக்குப்படி ஐம்பது நாள். ஜூலை நடுவில் தொடங்கலாம் என்று நினைத்தேன். ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில வேண்டாம்பா, ஆவணியில வச்சுக்கோ" என்றார் அம்மா. நான் மறுத்துப் பேசவில்லை. தளத்துக்கு இன்னொரு முப்பது நாள் இலவசமாகக் கிடைத்தது.

காய்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் நம்பவில்லை. ஒன்றரை அடி சதுரத்தில் கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒவ்வொரு அறையிலும் ஒன்று, ஹாலில் மூன்று என்று ஒரு நாள் முழுக்க விட்டேன். ஹாலில் குளியலறைச் சுவரை ஒட்டி வைத்த தாளுக்கு அடியில் மட்டும் வியர்த்திருந்தது. தேடிப் பார்த்தால் சுவருக்குள் ஓடும் குழாய் இணைப்பில் சொட்டுக் கசிவு. பழைய மொசைக் அந்த இடத்தில்தான் நிறம் மாறியிருந்தது. வருடக்கணக்காக யாரும் கவனிக்கவில்லை. குழாயைச் சரிசெய்து, அந்த மூலை காய்ந்ததும், நான்கு அறைக்கும் எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்தோம். இரண்டாவது கை காயும் முன்பே அதன் மேல் காய்ந்த மணலைத் தூவிவிட்டோம். இல்லையென்றால் பசைக்குப் பிடிமானம் இருக்காது.

ஆவணியில் அதே கொத்தனாரைத்தான் கூப்பிட்டேன். வேறு ஆளைத் தேடச் சொன்னவர்கள் உண்டு. அவர் வந்து உட்கார்ந்து, ஆலைத் தாளை நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டு, "இப்படின்னு அப்பவே சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி தண்ணி ஊத்தப் போறேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காலை ஆறு மணிக்கே தொடங்கினோம். விரைவாக இறுகும் பசை, கலந்தால் அரை மணி நேரத்தில் கட்டியாகிவிடும், ஆவணி வெயிலில் அதற்கும் முன்பே. முதல் நாள் வழக்கம்போல முழு மூட்டையைக் கலந்து பாதியைக் கொட்டினோம். மறுநாளிலிருந்து மூன்று கல்லுக்கு மட்டும் கலவை, ஜன்னல்களுக்குத் திரை, பத்தரை மணியோடு நிறுத்தம். பல் வைத்த கரணையால் தரையில் ஒரே திசையில் வரி இழுத்தார். கல்லின் பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து மெல்லிய பூச்சுப் பூசினார். ஆலையிலிருந்து வந்த வெள்ளைத் தூசி அங்கே படிந்திருக்கும், அதைத் துடைக்காவிட்டால் எந்தப் பசையும் தூசியோடுதான் ஒட்டும். பத்துக் கல்லுக்கு ஒருமுறை, வைத்த கல்லை உடனே தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தோம். முதல் தடவை மூலைகளில் பசை எட்டவில்லை. கரணையின் பல்லை 10 மி.மீ.க்கு மாற்றிய பிறகு விளிம்புவரை நிறைந்தது. இந்த ஒரு வேலைதான் அவருக்குப் பிடிக்கவே இல்லை. வைத்த கல்லைத் தூக்குவதா என்று முகம் சுளித்தார், மூன்றாவது நாளிலிருந்து நான் சொல்லாமலே தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

கல்லுக்குக் கல் 3 மி.மீ. இடைவெளிக்கு ஸ்பேசர். மட்டத்துக்கு கிளிப்பும் ஆப்பும். சுவரோரம் சுற்றிலும் 8 மி.மீ. காலி விட்டு, ஸ்கர்ட்டிங்கைத் தரையைத் தொடாமல் சுவரில் மட்டும் ஒட்டினோம். கண்ணுக்கு அந்தக் காலியிடம் தெரியாது. ஹாலின் நடுவில் குறுக்கே ஒரு கோடு, ஒவ்வொரு கதவு நிலைக்கு அடியிலும் ஒரு கோடு, இவற்றில் கல் இடுக்கை நிரப்பும் கிரவுட் கலவையை வைக்காமல் அதே நிறத்தில் நெகிழும் சிலிகான். நீள்கிற கல் சாய்ந்துகொள்ள அங்கே இடமிருக்கும். தரைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற பழக்கத்தையும் நிறுத்தினோம். ஆசிட் குவார்ட்ஸ் துகளை ஒன்றும் செய்யாது, கிரவுட்டை அரித்துவிடும்.

கல் எண்ணிக்கையும் ஒருவழியாகச் சரிக்கட்டியது. பெயர்த்ததில் தேறிய 78, போடாமல் வைத்திருந்த 72, சேர்த்து 150. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் பெரிய படுக்கையறைக்கும் அது போதும். சின்னப் படுக்கையறைக்கு மட்டும் 32 கல் புதிதாக வாங்கினோம். பேட்ச் வேறு, நிறமும் ஒரு சாயல் வேறு. ஆனால் ஒரே அறைக்குள் கலக்காததால் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

வெட்டும்போது பறக்கும் தூசி

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். தரையைப் பற்றி எழுதும்போது கூடவே இருந்த மனிதரை மறந்துவிடுகிறோம்.

முதல் முறை கல் வெட்டியது கொத்தனாருடன் வந்த பத்தொன்பது இருபது வயதுப் பையன். முன்வாசலில் உட்கார்ந்து, முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, கிரைண்டரால் உலர்வாகவே வெட்டினான். மாலையில் துளசி மாடத்தின் இலைகளெல்லாம் வெள்ளையாக இருந்தன. அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அந்தப் பையனின் நுரையீரலை யார் கழுவுவது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இந்தக் கல் 90 சதவீதத்துக்கு மேல் படிக சிலிக்கா. உலர்வாக வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் அது காற்றில் மிதக்கும். துண்டு அதைத் தடுக்காது. நுரையீரலுக்குள் போய்த் தங்கி, தழும்பாக்கி, மூச்சை மெல்ல மெல்லக் குறைக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. செய்கல் குவார்ட்ஸ் வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலருக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லின் பலகைகளைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. பொருத்தி முடித்த தரையில் வசிப்பவர்களுக்கு ஆபத்து இல்லை. வெட்டுகிறவருக்குத்தான்.

இரண்டாவது முறை தண்ணீர் சொட்டும் கட்டர் மெஷினை வாடகைக்கு எடுத்து, கொல்லைப்புறத்தில் திறந்த வெளியில் வைத்தோம். வெட்டுகிறவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் என்-95 முகக்கவசம். முதல் முறையைவிடக் கூடுதலாக ஆகும் செலவு பெரிதில்லை. வெட்டிய சேற்றைக் காயவிடாமல், ஈரமாக இருக்கும்போதே அள்ளி மூட்டை கட்டினோம், காய்ந்தால் அது திரும்பவும் தூசிதான். அந்தப் பையன் இப்போது வேறு மேஸ்திரியிடம் வேலை செய்கிறான். வழியில் பார்த்தால் இன்னும் உலர்வாகத்தான் வெட்டுகிறான். வீட்டுக்காரர்கள் கேட்டால் மட்டுமே தண்ணீர் மெஷின் வரும். உங்கள் வீட்டில் குவார்ட்ஸ் போடுவதாக இருந்தால், டைல்ஸின் நிறத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

இரண்டு கோடைக்குப் பிறகு

2025 மே வரை ஒரு கல்லும் அசையவில்லை. மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறோம், அதனால் இதுவரை மஞ்சள் படியவில்லை. ஹாலில் ஓரிடத்தில் மட்டும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பழுப்புக் கறை. கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்கைத் தட்டு வைக்காமல் தரையில் வைத்துவிட்டோம். தேய்த்தால் போகாது, அது கறை இல்லை, கருகல். மஞ்சள், எண்ணெய், காபி எதுவும் கல்லில் நிற்கவில்லை, கிரவுட்டில்தான் நிற்கிறது. அடுத்த முறை என்றால் கிரவுட்டையும் எபாக்சியிலேயே போடச் சொல்வேன்.

போன மாதம் நாணயத்தை எடுத்துக்கொண்டு நான்கு அறையையும் தட்டிப் பார்த்தேன். சமையலறைக் கதவுக்கு அருகே இரண்டு கல்லில் ஒரு மூலை மட்டும் லேசாக வெற்றுச் சத்தம் தருகிறது. முதல் நாள் கட்டியாகிப்போன பசையில் வைத்த கற்கள் அவை என்று நினைக்கிறேன். பென்சிலால் ஸ்கர்ட்டிங்கில் தேதி குறித்து வைத்திருக்கிறேன். மிச்சமிருந்த ஐந்து கற்கள் மாடிப்படிக்கு அடியில், மரக்கட்டை மேல் நிற்க வைத்தபடி, பேட்ச் எண் எழுதிய அட்டையோடு இருக்கின்றன.